மரத்தைக் கேட்காமல் உன் கையைக் கேட்டார்கள்

என்னைத் திட்டாமல் ஒரு நாளும் சோறு போடாத அலமேலு அக்காவுக்கு,

உன் கொல்லையின் கிழக்கு ஓரத்தில், நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில், இந்த ஐப்பசியில் சாமை விளைந்துவிட்டது. நான் மலைக்குப் போய்க் கண்ணால் பார்த்தேன். கதிர் தலை சாய்ந்து நின்றது. ஒன்றை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினேன். மணி கெட்டியாக இருந்தது.

நீ இருந்திருந்தால் சந்தோஷத்தில் ஊரையே கூட்டியிருப்பாய். எனக்கு வயிறு எரிந்தது. ஏன் என்று கேள். வரப்பில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஒரே வாயாகச் சொன்னது இதுதான்: "செல்வி கை பட்டுச்சு பாரு, மண்ணு முழிச்சிக்கிச்சு. கைன்னா அது கை!"

செல்வியை உனக்குத் தெரியாது. உன் மச்சாண்டார் கோவிந்தனின் மருமகள், நீ போன பிறகு அந்த வீட்டுக்கு வந்தவள். மாமா உன் காரியம் முடிந்த கையோடு குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். கொல்லையை அண்ணன் கோவிந்தன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இந்த ஆடியில் அங்கே முதல் பிடி விதை போட்டவள் செல்விதான். அவள் நல்ல பெண். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கோபப்படுவதற்கு ஆளா இல்லை எனக்கு? வரிசையில் நிற்கிறார்கள். அதில் நீயும் ஒருத்தி.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நம் ஊரில் ஆடி மழை விழுந்ததும் அவரவர் பாட்டுக்கு விதை தெளித்துவிட மாட்டார்கள். கைராசி உள்ளவள் என்று ஒருத்தி இருப்பாள். அவளைக் கூப்பிட்டு, வலது உள்ளங்கையில் மஞ்சள் பூசி, ஒரு பிடி சாமையை அள்ளிக் கொடுப்பார்கள். அவள் அதை வீசிய பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். அறுப்பு முடிந்ததும் அவள் வீட்டுக்கு ஒரு முறம் சாமை போகும். அந்தக் கை ரொம்ப வருஷம் உன் கையாக இருந்தது.

உனக்கு முன்னால் அது குப்பம்மாவின் கை. குப்பம்மாவுக்குப் பிறந்த குழந்தை தங்காமல் போனது. அடுத்த ஆடியில் அவளைக் கூப்பிடவில்லை, உன்னைக் கூப்பிட்டார்கள். நீ தலைக்கு ஊற்றிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு போனாய். நான் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டியபடி உன் பின்னாலேயே ஓடி வந்து கேட்டேன், குப்பம்மாக்கா கைக்கு என்ன ஆச்சு என்று. "அது அவ்ளோதாண்டி, கை மாறிகினுதான் இருக்கும்" என்று சொன்னாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு முழுக்க மஞ்சள் போய்விடுமே என்று நீ அந்தக் கையால் சாப்பிடவில்லை, ஸ்பூன் கேட்டாய். அது ஒன்று நினைவுக்கு வந்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வரும், உன் முதுகில் ஒன்று போடலாம் போலவும் இருக்கும்.

அப்புறம் தைலமரம் வந்தது. ஜீப்பில் வந்த ஏஜெண்டு மாரியம்மன் கோயில் மேடையில் உட்கார்ந்துகொண்டு ஆசை காட்டினான். தண்ணீர் ஊற்ற வேண்டாம், காவல் வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்காது, காகிதத்துக்கு நாங்களே வந்து வெட்டிக்கொண்டு போவோம் என்றான். ஆடு வாய் வைக்காத இலை என்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று ஒருத்தருக்காவது தோன்றியதா? வேலியில் காய்ந்து தொங்கும் துணியைக்கூட விட்டுவைக்காத ஆடு அல்லவா நம் ஊர் ஆடு!

உன் மச்சாண்டார் கெட்டிக்காரர். தன் கொல்லையின் நடுவில் வைக்கவில்லை, உன் வரம்பை ஒட்டி வைத்தார். மரத்துக்கு அந்தப் பக்கம் அவருக்குப் பாறை, இந்தப் பக்கம் உனக்குக் கொல்லை. சரிவும் உன் பக்கம்தான். மரத்தடியில் விழுகிற மழை அத்தனையும் இலையைக் கழுவிக்கொண்டு உன் சாமைக்குள்தான் இறங்கும். நீதான் அந்தக் கன்றுகளை ஆடு மாடு மிதிக்காமல் இருக்கச் சுற்றி முள் வைத்துக் கொடுத்தாயாம். மாமா சொன்னார். உனக்கு எதற்கு அந்த வேலை?

மரம் சின்னதாக இருக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. அது தலைக்கு மேல் போன பிறகு ஓரத்தில் சாமை முளைக்கவில்லை. முளைத்த ஒன்றிரண்டும் மஞ்சளாக, விரல் உயரத்திலேயே நின்றுவிட்டன. அடுத்த ஆடியில் அந்த வெற்றிடம் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. முதலில் விதை சரியில்லை என்றார்கள். அதே விதை மற்ற கொல்லைகளில் வந்தது. பிறகு மழை கம்மி என்றார்கள். அடுத்த வருஷம் மழை கொட்டியது, உன் ஓரம் இன்னும் மோசமானது. அதற்குப் பிறகுதான் உன் கைக்கு வந்தார்கள்.

முதலில் சொன்னவர் கோவிந்தன். நான் அப்போது உன் வீட்டுக்குச் சீராட வந்திருந்தேன், என் காதால் கேட்டேன். "மரத்துக்கு நெழலு கூட கம்மிதான், அது இன்னா பண்ணும்? நின்ன எடத்துல நின்னுகினு இருக்குது. அலமேலு கையிலதான் இன்னாவோ கோளாறு." அவர் பெண்டாட்டி, உன் ஓரகத்தி பச்சையம்மா, அதை உப்பு புளி போட்டு ஊர் முழுக்கக் கொண்டுபோனாள். அடுத்த ஆடியில் மற்ற கொல்லைகளுக்கும் உன்னைக் கூப்பிடவில்லை. உன் கை உன் ஓரத்தோடு நிற்கவில்லை பார், ஊருக்கே ஆகாத கையாகிவிட்டது.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை அக்கா. சோளம் அறுத்த கொல்லையில் உடனே எள் போட்டால் வராது என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சோளக்கட்டை மண்ணைக் கெடுத்துவைத்திருக்கிறது, ஒரு பருவம் போகட்டும் என்பார்கள். அங்கே யாரும் எள் விதைத்தவளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்ததில்லை. ஒரு பயிர் இன்னொரு பயிருக்கு ஆகாமல் மண்ணை மாற்றிவைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அப்படியிருக்கத் தைலமரத்தின் முறை வந்தபோது மட்டும் அந்த அறிவு எங்கே போனது? ஏஜெண்டின் ஜீப்பில் ஏறிப் போய்விட்டதா?

அவர்களை விடு. நீ ஏன் நம்பினாய்? நீயே தோண்டியிருக்கிறாய், நீயே களை எடுத்திருக்கிறாய், மரத்தை ஒட்டி வெறுமையாகவும் தள்ளிப் போகப் போகப் பச்சையாகவும் இருந்ததை உன்னைவிட யார் அதிகம் பார்த்திருப்பார்கள்? நான் சண்டைக்குப் போகிறேன் என்று கிளம்பியபோது என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். "உடுடி, என் நேரம். குப்பம்மாக்காவுக்கு வந்தது எனக்கு வந்துகினு கீது." அதைச் சொன்னபோது உன் முகத்தில் கோபமே இல்லை. அதற்குத்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கை நல்ல கை என்று சொன்னபோது நீ ரசித்தாய். அதனால் கெட்ட கை என்றபோதும் உன்னால் மறுக்க முடியவில்லை. அவர்கள் பூசிய மஞ்சளை நீ நம்பியிருக்கக் கூடாது அக்கா.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் உனக்குக் காய்ச்சல் இறங்காமல் இருந்த அந்த நாட்களை நான் யாரிடமும் சொன்னதில்லை. நர்சம்மா குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தார்கள். இடது கை வீங்கிவிட்டிருந்தது. நீ வலது கையைத் தூக்கி நீட்டினாய். "இதுல குத்துங்கம்மா. இது இனிமே எதுக்கும் ஆவாது." அந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு அந்தக் கையை என் மடியில் வைத்துவிட்டு நீ கேட்டாய்: "மல்லி, இந்தக் கை இன்னாடி பண்ணுச்சு?"

உனக்குக் காய்ச்சல், தூங்கு என்றேன். நீ அங்கிருந்து வீடு திரும்பவில்லை.

பதில் வந்தது இந்தக் கோடையில். யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. திட்டு வாங்கும்போது வந்தது. கச்சிராயபாளையத்தில் நான் வேலை செய்கிற நர்சரியில் கத்தரி, மிளகாய் நாற்றுக்குப் பாத்தி போட்டிருந்தோம். புதிதாக வந்த ஒருத்தி வெயிலுக்கு மூடாக்காக இருக்கட்டும் என்று தைலமரத்து இலைக் குப்பையை அள்ளி அதன் மேல் பரப்பிவிட்டாள். முதலாளி பார்த்துவிட்டுக் குதித்தார். "யாரு இதைக் கொட்டுனது? வெதை மொளைக்கிறதா வேணாமா? வாரிக் கொட்டுங்க வெளிய!"

எல்லோரும் வாரினார்கள். நான் மட்டும் கையில் இலையோடு நின்றுவிட்டேன். ஏன் முளைக்காது என்று கேட்டேன். "தைல எலையில மழை பட்டா கசாயம் மாதிரி ஒண்ணு எறங்கும்மா. பக்கத்துல வேற எதுவும் வந்து பங்குக்கு நிக்கக் கூடாதுன்னு மரமே வெச்சிக்கினு இருக்கிற மருந்து அது. மண்ணுல எறங்குச்சுன்னா சின்ன வெதைங்க எந்திரிக்காது. போதாத கொறைக்குத் தண்ணியையும் அதுவே இழுத்துக்கும்." பார்த்தீனியம்கூட அந்த ஜாதிதான் என்றார், புளியமரத்தடியில் புல் சரியாக வராததும் அதனால்தான் என்றார். நம் ஊர்ப் புளியமரத்தடி வெறும் தரையாகக் கிடப்பதற்கு நாம் பேய் மேல் அல்லவா பழி போட்டு வைத்திருந்தோம்? பேயாவது பரவாயில்லை, அதற்குக் குடும்பம் கிடையாது.

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. இதே நர்சரியிலிருந்துதான் வண்டி வண்டியாகத் தைலக் கன்று மலைக்குப் போகிறது. "அப்ப கன்னு வாங்க வர்றவங்ககிட்ட இதை ஏன் சொல்றதில்ல?" என்று கேட்டேன். "கேட்டா சொல்லிட்டுப் போறேன். யாரு கேக்குறாங்க?" என்று சொல்லிவிட்டு அவர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வாய் வார்த்தை அக்கா. பக்கத்தில் சாமை இருந்தால் தள்ளி வை என்ற ஒரு வாய் வார்த்தை. அதைச் சொல்ல அவருக்கும் நேரமில்லை, அந்த ஏஜெண்டுக்கும் நேரமில்லை. அந்த வார்த்தைக்கு வேலையில்லாமல் போனதால் உன் கைக்கு வேலையில்லாமல் போனது.

மரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கால் கிடையாது, நகர்ந்து போய்ப் பிழைக்க முடியாது. நின்ற இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள அதற்குத் தெரிந்த வழி அது. மனுஷனுக்குக் கால் இருக்கிறது, கண் இருக்கிறது. கோவிந்தன் எழுந்து நாலு அடி நடந்து தன் மரத்தடியைப் பார்த்திருக்கலாம்.

அந்த மரங்கள் இப்போது இல்லை. நீ போன மறுவருஷமே வெட்டு முடிந்தது. வெட்டினால் திரும்பவும் துளிர்க்கும் ஜாதி அது. ஏஜெண்டு வருவதை நிறுத்திவிட்டதால் கோவிந்தன் மரவள்ளிக்கு ஆசைப்பட்டு, ஜேசிபி வைத்துக் கட்டையோடு பிடுங்கி, சருகையெல்லாம் கொளுத்திவிட்டார். இரண்டு மழைக்காலம் அந்த மண்ணைக் கழுவியது. இந்த ஆடியில் முளைத்துவிட்டது. முளைக்காமல் என்ன செய்யும்? அதற்குள் செல்வி கையில் மஞ்சள் பூசிவிட்டார்கள்.

அன்று வரப்பில் நின்று கத்தினேன். மரம் போச்சு, அதனால வந்துச்சு, எங்க அக்கா கையில ஒரு கோளாறும் இல்ல என்று. கோவிந்தன் சிரித்தார். "ஏம்மா மல்லிகா, கீழ நாட்டுக்குப் போயி நர்சரியில நாலு பை ரொப்பிட்டா வெவசாயமே தெரிஞ்சு போச்சா? போன ஆளைப் பத்தி இப்ப இன்னாத்துக்குப் பேச்சு?" போன ஆள்! உனக்கு அந்த வீட்டில் இப்போது அதுதான் பெயர்.

அடுத்த வாரமே வெள்ளிமலை பஸ்ஸில் நர்சரித் தட்டு இரண்டு எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏறினேன். ரோட்டோரம் நிற்கும் தைலமரத்தில் இலை பறித்து, நசுக்கி, ஒரு குடத்தில் ஊறப் போட்டேன். பெண்கள் குழுக் கூட்டம் கோயில் மேடையில் நடந்தது. உன் கொல்லை மண்ணையே இரண்டு தட்டிலும் நிரப்பினேன். செல்வியைக் கூப்பிட்டு, ஒரே விதையை ஒரே கையால் இரண்டிலும் போடச் சொன்னேன். ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர், ஒன்றுக்கு இலை ஊறிய தண்ணீர். யாரும் ஏமாற்ற வேண்டாம் என்று குப்பம்மாவிடம் பொறுப்பை விட்டேன். அவள்தான் இப்போது கோயில் பெருக்குகிறாள். விதைக்கு ஆகாத கை கோயில் பெருக்க ஆகும் போலிருக்கிறது.

திரும்பப் போனபோது குழாய்த் தண்ணீர்த் தட்டு பச்சைப் பசேல் என்று இருந்தது. மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, சோகை பிடித்த மாதிரி சில முளைகள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பாத்துக்குங்க! அதே கை, அதே வெதை!" என்றேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பச்சையம்மா இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாக வாயைத் திறந்தாள்.

"அப்ப இவுளுது அரைக்கைதானா? ஒண்ணுல வருது, ஒண்ணுல வரலியே."

நம்புவாயா? அவளுடைய சொந்த மருமகளைத்தான் சொன்னாள். பக்கத்திலிருந்தவள் "ஆமாங்க, அரைக்கைதான் போல" என்றாள். அரைக்கை என்று ஒரு வார்த்தை அதுவரை நம் ஊரில் இருந்ததே இல்லை. என் கண் முன்னால் பிறந்தது. செல்வி வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நீ செய்வாயே, அதே மாதிரி.

நான் கத்திய கத்தலில் கோயில் மணியே ஆடியிருக்கும், ஆனால் யார் காதிலும் ஏறவில்லை. பஸ் ஏறப் போகும்போது செல்வி பின்னாலேயே ஓடி வந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, கோபத்தில் இருந்தாள்.

"அத்த, உங்க அக்காவுக்காவப் பேசுறீங்க, பேசுங்க. நடுவுல என் கையை எதுக்கு உட்டீங்க? நாளைக்கு எனக்கொரு புள்ள நிக்கலன்னாலும் இந்தத் தட்டைத்தான் சொல்லுவாங்க."

வாய்க்காரி என்று பெயரெடுத்த நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "உடுறதா இருந்தா எங்க மாமனார் கையையும் உடச் சொல்லுங்க. பாத்துடலாம்."

அக்கா, நானும் நீயும் இத்தனை வருஷம் அழுதோம், சண்டை போட்டோம், இது நமக்குத் தோன்றவில்லையே. நேற்று வந்த பெண்ணுக்குத் தோன்றியது. பஸ்ஸை விட்டுவிட்டேன்.

கோவிந்தன் டீக்கடையில் இருந்தார். எல்லோர் முன்னாலும் கேட்டேன், நீங்க போடுறீங்களா பெரிய மாமா என்று. அவருக்கு ஒரே கொண்டாட்டம். "ஆம்பள கைக்கு இன்னாடி ராசி, இன்னா தோஷம்? கொண்டா!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். மண்ணை மாற்றினேன். இரண்டு தட்டிலும் அள்ளி வீசினார், கொஞ்சம் என் மேலும் விழுந்தது. குப்பம்மா முன் போலவே தண்ணீர் விட்டாள்.

முடிவு உனக்குத் தெரியும். ஒரு தட்டு பச்சை, ஒரு தட்டு வெறும் மண். தட்டைப் பார்க்கிற அன்றைக்குக் கூட்டம் ஜாஸ்தி, ஆண்களும் வந்திருந்தார்கள். கோவிந்தன் தன் உள்ளங்கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார். வேறு யார் கவனித்தார்களோ தெரியாது, நான் கவனித்தேன். அவர் அப்படிப் பார்த்ததே எனக்குப் போதும் போல இருந்தது. அப்புறம் பச்சையம்மா சொன்னாள்: "ஏங்க, அந்தத் தண்ணியிலதாங்க இன்னாவோ கீது."

"ஆமா, தண்ணிதான்." "தைலத் தண்ணி ஆவாது." "மரந்தாம்பா காரணம்." ஆளாளுக்குச் சொன்னார்கள். குப்பம்மாவின் கை, உன் கை, செல்வியின் கை என்று மூன்று பொம்பிளைகளின் கையில் கோளாறு இருக்க முடியும். ஒரு ஆம்பிளையின் கை தட்டுக்குள் போனதும் கோளாறு தண்ணீருக்கு மாறிவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். அழுகையும் வந்தது. உண்மை தெரிய இதுதான் வழி என்றால் இந்த ஊரில் எத்தனை பொம்பிளை கை வீணாகப் போயிருக்கும்?

கோவிந்தன் கிளம்பப் பார்த்தார். நான் குறுக்கே நின்றேன். "நான் இன்னா தெரிஞ்சா வெச்சேன்?" என்றார். "மரத்தைத் தெரியாம வெச்சீங்க பெரிய மாமா, சரி. எங்க அக்கா கையைச் சொன்னீங்களே, அது?" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்பார் என்று நீயும் எதிர்பார்த்திருக்க மாட்டாய். வீட்டுக்குப் போய் அன்று சரியாகச் சாப்பிடவில்லை என்று செல்வி சொன்னாள், எனக்குத் துளியும் பாவமாக இல்லை.

இதற்கு மேல்தான் நீ காது கொடுத்துக் கேட்க வேண்டியது. கூட்டம் கலையும் முன்னால் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். அலமேலு கை தங்கமான கை, நாங்கதான் தப்பா நெனச்சிட்டோம் என்றார்கள். உன் பெயரை அந்த மேடையில் அப்படிச் சொல்லிக் கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தேன்! "கூடப் பொறந்தவளுக்கும் அந்த ராசி இருக்கும். வர்ற ஆடிக்கு நீயே வந்து மொதப் பிடி போடு மல்லி" என்று ஒருத்தி கோயில் மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

பொய் சொல்ல மாட்டேன், கை முன்னால் போய்விட்டது. அந்த மஞ்சள் என் உள்ளங்கையில் பட்டால் உனக்கே பூசினது போல இருக்கும் என்று நினைத்தேன். அப்போது செல்வி என்னைப் பார்த்தாள். அவள் கை இன்னும் முந்தானைக்குள்தான் இருந்தது. தூணோரம் குப்பம்மா துடைப்பத்தோடு நின்றாள். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள், பூ வைத்துக்கொண்டு போன உன்னை ஒரு காலத்தில் பார்த்த மாதிரி.

கையை இழுத்துக்கொண்டேன். "ஒரு கைக்கு ராசி கீதுன்னா இன்னொரு கைக்கு இல்லன்னு ஆவுது. எங்க அக்காவை அரிச்சது அதான். பூசுறதா இருந்தா எல்லார் கையிலயும் பூசுங்க. இல்லாட்டி யாருக்கும் வேணாம்" என்றேன். ஒருத்தி முணுமுணுத்தாள், பழக்கத்தை எப்படி விடுறது என்று. மஞ்சள் கிண்ணம் அந்தரத்தில் நின்றது. குப்பம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. விரலால் மஞ்சளைத் தொட்டுத் தன் உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டாள். பிறகு செல்வியின் முந்தானைக்குள் கையை விட்டு அவள் கையை வெளியே இழுத்தாள்.

நீ அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லையே, அந்தக் குப்பம்மாதான் அக்கா.

ஆகவே உன் கைராசியை நான் மீட்டுத் தரப்போவதில்லை. கோபித்துக்கொள், மேலே இருந்தே திட்டு. வருகிற ஆடியில் மழை விழுந்ததும் வருவேன். உன் கிழக்கு ஓரத்தில் குப்பம்மா, செல்வி, நான், யார் யார் வருகிறார்களோ அத்தனை பேரும் ஒன்றாக வீசுவோம். வந்தால் மண்ணும் மழையும் நன்றாக இருந்தது என்று சொல்ல வைப்பேன். வராமல் போனால் மண்ணைக் கேட்பேன், மழையைக் கேட்பேன், பக்கத்தில் நிற்கிற மரத்தைக் கேட்பேன், அந்த மரத்தை விற்றவனையும் கேட்பேன். எந்தப் பெண்ணின் கையையும் பிடித்துத் திருப்பிப் பார்க்க விட மாட்டேன். நான் நடமாடுகிற வரைக்கும் இது நடக்கும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

ஆஸ்பத்திரியில் என் மடியில் கையை வைத்து ஒன்று கேட்டாயே, இந்தக் கை என்ன பண்ணியது என்று. ஒன்றும் பண்ணவில்லை அக்கா. விதை போட்டது. எனக்குச் சோறு போட்டது. அவ்வளவுதான்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மலை இறங்கிப் பள்ளிக்கூடம் போன
உன் தங்கச்சி,
மல்லிகா